காலையில் வராத டிவி மத்தியானம் தானாக வருகிறதா?

லிந்துலைக்கு மேலே எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஜனவரி மாதக் காலை எப்படி இருக்கும் என்று மலையகத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பீலித் தண்ணீரில் கையை வைத்தால் விரல் மரத்துப்போகும். அப்படி ஒரு காலையில்தான் பக்கத்து லயத்து மாமா இஸ்தோப்பில் வந்து நின்று, "தம்பி, டிவி காலையில வரவே மாட்டேங்குது. செவப்பு லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குன்னு மினுக்குது, உள்ள டிக் டிக்குன்னு ஒரு சத்தம். மத்தியானமா போட்டா தானா வந்துருது" என்றார். 32 அங்குல எல்சிடி டிவி, வாங்கி ஏழெட்டு வருடம் இருக்கும். டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார், போர்ட் போய்விட்டது, அதை மாற்றுகிற காசுக்குப் புதுசே வாங்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கொழுந்து எடுத்துச் சேர்த்த காசில் வாங்கிய பொருள் அது. அதைக் குப்பை என்று சொல்வதற்கு முன்னால் யாராவது ஒருவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஏனென்றால் மாமா சொன்னதிலேயே கோளாறு என்ன என்பது இருந்தது. குளிரில் வராது, சூடேறினால் வரும் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டரை. ஒன்றோ இரண்டோ மாற்றினால் போதும், புது டிவியின் விலைக்குப் பக்கத்தில் வைத்தால் கணக்கிலேயே வராத காசு.

கெப்பாசிட்டர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குக் கொள்ளளவி என்று பெயர், இந்தியாவில் மின்தேக்கி என்று எழுதுவார்கள். மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து, தேவைப்படும்போது திருப்பிக் கொடுக்கிற பொருள், அவ்வளவுதான். ஒரு பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து தண்ணீர் ஒரே சீராக வராது, ஒரு நேரம் பீச்சும், ஒரு நேரம் சொட்டும். அதன் கீழே ஒரு தொட்டி கட்டி, தொட்டியின் அடியில் குழாய் போட்டால், மேலே தண்ணீர் எப்படித் துள்ளினாலும் குழாயில் சீராக வரும். டிவிக்குள் அந்தத் தொட்டியின் வேலையைச் செய்வது கெப்பாசிட்டர்.

டிவிக்குள் மின்சாரம் துள்ளிக்கொண்டுதான் வருகிறது. சுவரில் இருந்து வருவது 230 வோல்ட், நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வரும் மின்சாரம். சுவர் மின்சாரத்தை டிவிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிற பலகைக்குப் பவர் போர்ட் என்று பெயர். அதில் முதலில் இருக்கிற டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பும், அப்போது அது நொடிக்கு 100 மேடு பள்ளமாக வரும். அதைப் பிடித்து வைக்கிறது ஒரு பெரிய, தடித்த கெப்பாசிட்டர், அதன் மேல் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும், பெரிய டிவிகளில் 380, 400 வோல்ட் வரைக்கும் போகும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் திரும்ப வரும். அங்கிருந்து ஒரு டிரான்சிஸ்டர் அந்த மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு சின்ன டிரான்ஸ்போமருக்குள் அனுப்புகிறது, மறுபக்கத்தில் 5 வோல்ட், 12 வோல்ட், 24 வோல்ட் என்று குறைந்த வோல்ட்டாக, ஆனால் துண்டு துண்டாக வெளியே வருகிறது. அந்தத் துண்டுகளைச் சேர்த்துச் சீராக்குவதற்கு வெளிவாசலில் சின்னதும் நடுத்தரமுமாகச் சில கெப்பாசிட்டர்கள் நிற்கும். அடி எல்லாம் வாங்குவது இவைதான். பெரியதைப் பார்த்துப் பயப்படுகிறோம், ஆனால் அநேகமாகச் சாவது இந்தச் சின்னவைதான்.

எதனால் சாகின்றன? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இது சுலபமாகப் புரியும். இரண்டு மெல்லிய அலுமினியத் தாள், நடுவில் ஒரு காகிதம், மூன்றையும் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி ஒரு அலுமினிய டப்பாவுக்குள் வைத்திருப்பார்கள். காகிதம் ஒரு திரவத்தில் ஊறியிருக்கும், மின்பகுபொருள் என்பது அதுதான். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒக்சைட் படலம் உண்டு, அந்தப் படலத்தின் ஒவ்வொரு மூலை முடுக்கையும் போய்த் தொடுகிறது இந்தத் திரவம். டப்பாவின் அடியை ஒரு ரப்பர் மூடி அடைத்திருந்தாலும், வருடக்கணக்கில் அந்த மூடியைத் தாண்டித் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். திரவம் குறையக் குறைய இரண்டு விஷயம் நடக்கிறது. பிடித்துவைக்கிற அளவு குறைகிறது, அதாவது தொட்டியில் மண் படிந்துவிட்டது. அதோடு உள்ளே ஒரு தடை வளர்கிறது, தொட்டியின் குழாய்வாய் அடைத்துக்கொண்டது. இந்த உள்தடையை ஈஎஸ்ஆர் என்பார்கள். இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் தடை கூடினால் கெப்பாசிட்டர் தானே சூடாகும், சூடானால் திரவம் இன்னும் வேகமாகக் காயும், காய்ந்தால் தடை இன்னும் கூடும். கடைசியில் உள்ளே வாயு சேர்ந்து தலை உப்பிக்கொள்கிறது. கெப்பாசிட்டரின் தலையில் ஒரு பெருக்கல் குறி மாதிரியோ சூலம் மாதிரியோ கீறல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது அழகுக்குப் போட்டதில்லை, வாயு முட்டினால் டப்பா குண்டு மாதிரி வெடிக்காமல் அந்தக் கீறல் வழியாகத் திறந்துகொள்ளட்டும் என்று போட்டது.

சரி, குளிருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? குளிரில் அந்தத் திரவம் தடிக்கிறது, தேங்காய் எண்ணெய் நுவரெலியாவில் போத்தலுக்குள் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த அளவுக்கு உறையாவிட்டாலும், தடித்த திரவத்தில் மின்சாரம் நகர்வது கடினம், அதனால் உள்தடை கூடுகிறது. நல்ல கெப்பாசிட்டருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, பூச்சியத்துக்குக் கீழே 25 பாகை, 40 பாகை வரைக்கும் தாங்கும் என்று பலவற்றின் உடம்பிலேயே எழுதியிருக்கும். பாதி காய்ந்துபோனதுக்குத்தான் தாங்காது. காலையில் சுவிட்சைப் போட்டதும் பவர் போர்ட் எழுந்திருக்கப் பார்க்கிறது, 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் வோல்ட் துள்ளி விழுகிறது, டிவியின் மூளை அதைப் பார்த்து அணைந்துவிடுகிறது, பிறகு மறுபடியும் முயற்சி. அந்த டிக் டிக்கும் மினுக்கலும் அதுதான். இப்படி முயன்று முயன்று போர்ட் கொஞ்சம் சூடேறியதும் திரவம் இளகி, திடீரென்று படம் வந்துவிடுகிறது. கொழும்பில் இருக்கிற டிவியில் இதே கோளாறு மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கலாம், நம் குளிர் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. இடிக்குப் பயந்து ராத்திரி பிளக்கைக் கழற்றி வைப்பது நம் வீடுகளில் பழக்கம். பிளக் கழற்றிய மறுநாள் மட்டும் டிவி வருவதற்கு நேரம் எடுக்கிறது, கழற்றாமல் விட்ட நாள் உடனே வருகிறது என்றால், சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. பிளக்கில் இருக்கும்போது சிவப்பு லைட்டுக்காக ஓடுகிற சின்ன மின்சாரமே போர்டை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். ஆகவே ஒரு வாரம் ஒரு துண்டுக் காகிதத்தில், சுவிட்ச் போட்ட நேரம், படம் வந்த நேரம், முந்தின ராத்திரி பிளக் கழற்றியதா இல்லையா என்று எழுதி வையுங்கள். முதலில் அரை நிமிடம், பிறகு இரண்டு நிமிடம், பிறகு கால் மணி என்று போனால் கெப்பாசிட்டர் காய்ந்துகொண்டு வருகிறது என்று அர்த்தம். இதற்காக எப்போதும் பிளக்கிலேயே விட்டுவிடலாம் என்று மட்டும் முடிவு பண்ணிவிடாதீர்கள், சித்திரை மாதமும் ஐப்பசி கார்த்திகையும் பின்னேரம் இடிக்கிற இடி அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

இடியைச் சொன்னதால் ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் காசையும் நேரத்தையும் விரயமாக்குகிறார்கள். எல்லாக் கோளாறும் கெப்பாசிட்டர் இல்லை. இடி விழுந்த அன்று செத்த டிவியில் கெப்பாசிட்டர் மாற்றி அநேகமாகப் பிரயோசனம் இருக்காது, அங்கே பியூஸ், டயோட், டிரான்சிஸ்டர், அல்லது டிஷ் கேபிள் வழியாக ஏறி மெயின் போர்டின் வாசல்கள் போயிருக்கும். பியூஸ் கறுத்துப் போயிருந்தால் பின்னால் ஏதோ ஷோர்ட் ஆகியிருக்கிறது, அங்கே தடித்த கம்பியைச் சுற்றி ஓட்டிப் பார்க்கிற வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள், லயத்தில் ஒரு காம்பராவில் தீ பிடித்தால் வரிசையே போகும். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால், அறையை இருட்டாக்கி டோர்ச் லைட்டைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள், மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னால் எரிகிற விளக்கு போயிருக்கிறது அல்லது அதை ஓட்டுகிற பகுதி போயிருக்கிறது. திரையில் நெடுக்காகக் கோடு விழுந்தால் அநேகமாகப் பெனல் பிரச்சினை. சின்ன டிவிகள் சிலவற்றுக்கு லெப்டொப் மாதிரி வெளியே ஒரு அடப்டர் இருக்கும், அதற்கு முதலில் வேறொரு அடப்டரைப் போட்டுப் பாருங்கள். வோல்ட்டும் முனையின் கூட்டல் கழித்தலும் ஒன்றாக இருக்க வேண்டும், அம்பியர் குறையக் கூடாது. டிவியைத் திறக்கவே தேவை வராமல் போகலாம்.

இப்போது உயிர் விஷயம். பிளக்கைக் கழற்றிவிட்டால் எல்லாம் அணைந்துவிட்டது என்று நினைக்கிறோம், ஆனால் மேலே சொன்ன அந்தப் பெரிய கெப்பாசிட்டர் தன் தொட்டியில் 325 வோல்ட்டோ 400 வோல்ட்டோ பிடித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். சில போர்டில் அது ஒரு நிமிடத்தில் தானாக வடியும், கோளாறான போர்டில் வடியாமல் மணிக்கணக்கில் நிற்கும். கை பட்டால் தூக்கி அடிக்கும், நெஞ்சு பலவீனமானவருக்கு ஆபத்து அதைவிடப் பெரியது. ஸ்குரூ டிரைவரை வைத்து இரண்டு காலையும் சேர்த்துப் பொறி பறக்க விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் போர்டின் செப்புப் பாதை எரியும், ஸ்குரூ டிரைவர் முனை உருகிக் கண்ணுக்குத் தெறிக்கும். சரியான வழி, 2000 ஓம் பக்கத்தில், 10 வாட் தாங்குகிற ஒரு தடையியின் (ரெசிஸ்டர்) இரண்டு காலிலும் நன்றாக இன்சுலேஷன் உள்ள வயரைச் சேர்த்து, கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் சில நொடிகள் பிடிப்பது. பழைய இழை பல்ப் ஒன்று வீட்டில் கிடந்தால் அதன் ஹோல்டரில் இருந்து இரண்டு வயர் எடுத்தும் இதைச் செய்யலாம். பிடித்த பிறகு மல்டிமீட்டரை டீசி 600 அல்லது 1000 வோல்ட்டில் வைத்து அளந்து, சில வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் போர்டில் கை வைக்க வேண்டும். இந்தப் பந்தியை வாசித்து உள்ளுக்குள் ஒரு பயம் வந்தால், அப்படியே பழகினவர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதைச் சந்தேகப்படுகிறோம் என்று அவரிடம் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

திறப்பது பெரிய வித்தை இல்லை. மெத்தையான போர்வையை மேசையில் விரித்து, டிவியைத் திரை கீழே இருக்கும்படி மெதுவாகப் படுக்க வையுங்கள், நடுவில் கையை ஊன்றக் கூடாது, பெனல் கீறல் விட்டால் அதோடு கதை முடிந்தது. ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை, எது எங்கே இருந்தது என்று ஒரு அட்டையில் டிவி மாதிரி வரைந்து அதிலேயே குத்தி வைத்துவிடுவேன். மூடியைத் தூக்கினால் உள்ளே இரண்டு மூன்று போர்ட் தெரியும். சுவர் வயர் போய்ச் சேருகிற, மஞ்சள் டேப் சுற்றிய டிரான்ஸ்போமர்கள் நிற்கிற போர்ட்தான் பவர் போர்ட். எச்டிஎம்ஐ வாசல் இருப்பது மெயின் போர்ட். விலை குறைந்த புது டிவிகளில் இரண்டும் ஒரே போர்டில் இருக்கும். எதையும் தொட முன்னால் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பார்க்கிற வேலை, அவசரமில்லாமல், சாய்வான வெளிச்சத்தில். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக, மேசை மாதிரி இருக்கும். கொஞ்சம் மேடிட்டிருந்தாலும் அது போய்விட்டது, விரலால் தடவினாலே தெரியும். கீறலில் பழுப்பு நிறத்தில் ஏதாவது காய்ந்திருந்தாலும், அடியில் ரப்பர் பிதுங்கிக் கெப்பாசிட்டர் சாய்ந்து நின்றாலும் அதே கதைதான். அடியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கட்டியாகப் பூசியிருப்பதைப் பார்த்துக் கசிவு என்று முடிவு பண்ண வேண்டாம், அது ஆட வேண்டாம் என்று தொழிற்சாலையிலேயே போட்ட பசை.

மாமாவின் டிவியில் ஒன்றுகூட உப்பியிருக்கவில்லை. பலர் இந்த இடத்தில்தான் மூடியைப் போட்டுவிட்டு வேறு எதையோ தேடப் போகிறார்கள், ஆனால் கெப்பாசிட்டர் உப்பாமலும் சாகும். மெதுவாகக் காய்ந்து போனதில் உப்புவதற்கு வாயுவே சேராது. அதிலும் பெரிய கெப்பாசிட்டர் பக்கத்தில், பவர் போர்டை ஓட்டுகிற ஐசிக்கு அருகே, 22 அல்லது 47 மைக்ரோபரட் (பிடித்துவைக்கிற அளவைச் சொல்கிற அலகு), 50 வோல்ட் என்று சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் நிற்கும். அது காய்ந்தால் போர்ட் எழும்பவே எழும்பாது, வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும்.

எனவே அளக்க வேண்டும். மல்டிமீட்டரில் இருக்கிற கெப்பாசிட்டர் அளவையை நம்பலாம், ஆனால் பாதிதான் நம்பலாம். போர்டில் இருக்கும்போது அளந்தால் சுற்றி இருக்கிற பொருட்கள் எல்லாம் சேர்ந்து பொய் சொல்லும், ஒரு காலையாவது கழற்றி அளக்க வேண்டும். 1000 என்று எழுதியது 850 காட்டினால் பரவாயில்லை, 20 சதவீதம் முன்பின் இருப்பது இயல்பு. 400 காட்டினால் போய்விட்டது. சங்கடம் என்னவென்றால், 1000 என்று எழுதியது 950 காட்டும், அப்போதும் அது கெட்டதாக இருக்கலாம். தொட்டி நிறைய இருக்கிறது, குழாய் அடைத்திருக்கிறது, மல்டிமீட்டர் தொட்டியை மட்டும்தான் அளக்கிறது. குழாயை அளக்க ஈஎஸ்ஆர் மீட்டர் வேண்டும், பழுது பார்க்கிறதைத் தொடரப் போகிறீர்கள் என்றால் வாங்கி வைப்பது நல்லது. போர்டில் இருந்தபடியே அளக்கலாம், மின்சாரம் வடிந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. 1000 மைக்ரோபரட் கெப்பாசிட்டர் ஒன்று ஒரு ஓமில் சிறு பின்னமாகக் காட்டினால் நல்லது, இரண்டு மூன்று ஓம் என்றால் யோசிக்காமல் கழற்றுங்கள்.

ஈஎஸ்ஆர் மீட்டர் இல்லையா? தலைமுடி காயவைக்கிற டிரையர் போதும். பிளக்கைக் கழற்றி, மின்சாரத்தை வடித்து, வெளிவாசல் கெப்பாசிட்டர்கள் நிற்கிற இடத்தில் ஒன்றிரண்டு நிமிடம் வெந்நீர் அளவுக்குச் சூடு காட்டுங்கள், பிளாஸ்டிக் உருகுகிற சூடு வேண்டாம். பிறகு மூடியை வைத்துப் பிளக்கைப் போட்டால் வராத டிவி உடனே வருகிறதா, சந்தேகம் சரி. மாமாவின் டிவியைக் காலை ஆறு மணிக்கு இப்படித்தான் பார்த்தேன், சூடு காட்டாமல் பத்து நிமிடம் மினுக்கிக்கொண்டே இருந்தது, சூடு காட்டிய பிறகு முதல் தடவையிலேயே படம்.

ஓடுகிற போர்டில் வோல்ட் அளக்கலாம், ஆனால் டிரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம், அதாவது வெளிவாசல் பக்கம் மட்டும். கறுப்பு முனையை டிவியின் உலோகச் சட்டத்தில் பிடித்து, சிவப்பு முனையை 5 வோல்ட் என்று அச்சடித்த பின்னில் வைத்தால் 5ஐ ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஊஞ்சல் ஆடினால் அந்தப் பின்னுக்கு வருகிற கெப்பாசிட்டர்தான் முதல் குற்றவாளி. சுவர் வயர் வருகிற பக்கத்துக்கு ஆரம்பத்தில் இருப்பவர்கள் கையைக் கொண்டுபோகவே வேண்டாம்.

வாங்கும்போது கெப்பாசிட்டரின் உடம்பில் நாலு விஷயம் படியுங்கள். மைக்ரோபரட் அதே அளவு, கிடைக்காவிட்டால் 820க்கு 1000 மாதிரி ஒரு படி மேலே போகலாம், கீழே போகக் கூடாது. குட்டிக் கெப்பாசிட்டருக்கு அதே அளவுதான். வோல்ட் அதே அல்லது மேலே. மாமாவின் டிவியில் 5 வோல்ட் வாசலில் 1000 மைக்ரோபரட், 10 வோல்ட் இரண்டு நின்றன, நான் 16 வோல்ட் போட்டேன், அப்படிக் கூட்டிப் போடுவது நல்லதே, உயரமும் பருமனும் இடத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்தால் போதும். மூன்றாவது வெப்ப அளவு, 105 பாகை என்று இருக்க வேண்டும், 85 பாகை வேண்டாம். இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 105 பாகையில் 2000 மணி நேரம் என்று போட்ட கெப்பாசிட்டர், ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாழும். 65 பாகைச் சூட்டில் ஓடினால் 32,000 மணி நேரம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் டிவி பார்க்கிற வீட்டில் பத்து வருடம் தாண்டும். அதே 2000 மணி நேரம் போட்ட 85 பாகைக் கெப்பாசிட்டர் அதே இடத்தில் 8,000 மணி நேரம்தான், மூன்று வருடத்தில் திரும்ப வந்து நிற்பீர்கள். நம் குளிர் இந்தக் கணக்கில் நமக்குச் சாதகம், ஆனால் டிவியை ஷோகேஸுக்குள் நெருக்கி வைத்து மேலே பூப்போட்ட துணியும் போர்த்தினால் அந்தச் சாதகம் எல்லாம் போய்விடும், போர்த்துவதானால் அணைத்து ஆறிய பிறகு போர்த்துங்கள். நாலாவது, குறைந்த ஈஎஸ்ஆர் வகையா என்று கடையில் கேளுங்கள். நிச்சிகொன், ரூபிகொன், பெனசொனிக் போன்ற ஜப்பான் பெயர்கள் நல்லவை, அந்தப் பெயரில் போலியும் உண்டு, ஆகவே விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஹட்டனிலோ கண்டியிலோ கிடைக்காவிட்டால், கொழும்புக்குப் போகிற யாரிடமாவது பழையதைக் கழற்றிக் கொடுத்துப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பார்க்கச் சொல்லுங்கள். வட்டமாக நீல நிறத்திலும், பெட்டி மாதிரி மஞ்சள் நிறத்திலும் சுவர் வயர் பக்கத்தில் நிற்கிறவை வேறு இனம், பாதுகாப்புக்கென்றே செய்தவை, அவற்றின் இடத்தில் சாதாரணக் கெப்பாசிட்டரைப் போடக் கூடாது.

மாற்றும்போது ஒரே ஒரு விஷயத்தில் கண் இருக்க வேண்டும், திசை. உடம்பில் நெடுக்கே கழித்தல் குறியோடு ஒரு பட்டை ஓடும், அந்தப் பக்கத்துக் கால் நெகட்டிவ். புதுசில் நீளமான கால் பொசிட்டிவ். போர்டில் வட்டத்தின் பாதியில் வெள்ளை பூசியிருந்தால் அது அநேகமாக நெகட்டிவ், ஆனால் எல்லா போர்டிலும் அப்படி இல்லை, அதனால்தான் முதலிலேயே படம் எடுக்கச் சொன்னேன். மாற்றிப் போட்டால் சில நொடியில் சூடாகி வெடிக்கும். 40 முதல் 60 வாட் சோல்டரிங் அயன் எடுங்கள், சின்ன அயன் பவர் போர்டின் தடித்த செப்பில் சூடேறாமல் மல்லுக்கட்டும். பழைய ஈயத்தின் மேல் முதலில் கொஞ்சம் புது ஈயத்தைச் சேர்த்தால் அது சுலபமாக உருகும், பிறகு உறிஞ்சி பம்பால் இழுத்துவிட்டு, ஒரு காலை உருக்கிச் சாய்த்து, மற்றக் காலை உருக்கிச் சாய்த்து, ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். பலம் போட்டு இழுத்தால் செப்புப் பாதை உரிந்து வந்துவிடும், பிறகு கெப்பாசிட்டரைவிட அதைச் சரிபண்ணுவதுதான் பெரிய வேலை. புதுசைப் போர்டோடு ஒட்ட உட்கார வைத்து, ஈயம் காலைச் சுற்றிப் பளபளவென்று மலைமுகடு மாதிரி ஏறுகிற வரை சூடு காட்டி, கால்களை வெட்டிவிடுங்கள். வரிசையில் ஒன்று போயிருந்தால் பக்கத்தில் அதே வேலை செய்கிற மற்றதையும் சேர்த்து மாற்றுவதுதான் என் பழக்கம். அதே வயது, அதே சூடு, அடுத்தது அதன் முறை.

முதல் தடவை பிளக்கைப் போட முன்னால் மல்டிமீட்டரில் கெப்பாசிட்டரின் இரண்டு காலும் ஒன்றோடொன்று ஷோர்ட் இல்லை என்று பாருங்கள். 60 வாட் இழை பல்ப் ஒன்றை டிவிக்குப் போகிற வயரோடு தொடராகப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது, ஏதாவது தவறு இருந்தால் பல்ப் பளீரென்று எரிந்து நிற்கும், போர்ட் தப்பிக்கும். ஒரு நொடி எரிந்து மங்கினால் சரி. பின்மூடியை வைத்து, முகத்தை விலக்கி நின்று சுவிட்சைப் போடுங்கள்.

மாமாவின் டிவி அன்று மத்தியானமே வந்துவிட்டது, ஆனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, மத்தியானம் அது பழைய கெப்பாசிட்டரோடும் வரும். ராத்திரி பிளக்கைக் கழற்றி வைக்கச் சொன்னேன். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, பெரட்டுக்குப் போகிறவர்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பாதையில் இறங்குகிற நேரத்தில், அவர் காம்பராவுக்குப் போய்ப் பிளக்கைப் போட்டேன். சிவப்பு லைட் அசையாமல் நின்றது. மாமா ரிமோட்டை அழுத்தினார், ஏழு நொடியில் படம் வந்தது.